வெண்கலம் பீங்கானான கதை: சீன அரண்மனைச் சாடிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெண்கல வடிவப் பீங்கான் சாடி என்று எதைச் சொல்கிறோம்?

சீனப் பீங்கான் என்றதும் வெள்ளைப் பரப்பில் நீலப் பூ வரைந்த சாடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது வேறொரு வரிசை. இவற்றில் ஓவியம் குறைவு. பல சாடிகளில் அறவே இருக்காது. உருவம்தான் எல்லாம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெண்கலத்தில் வார்க்கப்பட்ட படையல் கலங்களின் வடிவத்தை, சோங் (960–1279), மிங் (1368–1644), சிங் (1644–1912) அரசவைகளின் உத்தரவின்பேரில் குயவர்கள் பீங்கானிலும் பீங்கானை ஒத்த உயர்வகை மட்கலங்களிலும் மறுபடி உருவாக்கினார்கள். அவற்றில் பூச்சாடிகளாக நிலைத்தவை இந்தப் பக்கத்தின் பொருள்.

அந்தப் பழைய வெண்கலக் கலங்கள் எதற்காகச் செய்யப்பட்டவை?

முன்னோருக்குப் படைக்க. ஷாங் அரசர்களும் (சுமார் கி.மு. 1600–1046) அவர்களுக்குப் பின் வந்த சௌ அரசர்களும் (கி.மு. 1046–256) இறந்த மூதாதையருக்கு மதுவும் இறைச்சியும் தானியமும் படைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கலம் உண்டு. மது அருந்த 'கூ': ஒடுங்கிய இடை, எக்காளம்போல் விரிந்த வாய், அகன்ற அடி. மதுவைச் சேமிக்க வயிறு பருத்த 'ஹூ'. அகன்ற வாய் கொண்ட மதுக்கலம் 'சுன்'. இறைச்சி வேக வைக்கக் காலுள்ள 'டிங்'. தானியத்துக்குக் 'குய்'. 1976இல் ஆன்யாங்கில் தோண்டப்பட்ட அரசி ஃபூ ஹாவின் கல்லறை யாரும் கைவைக்காமல் அப்படியே கிடைத்தது. அதில் இருந்த படையல் வெண்கலங்கள் மட்டும் 200க்கு மேல்; அவற்றில் கூ வகை மட்டும் 50ஐத் தாண்டியது. ஒரு மனிதரின் தகுதியை அவரோடு புதைத்த கலங்களின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

இவற்றைக் களிமண் அச்சில்தான் வார்த்தார்கள். அச்சைப் பல துண்டுகளாகச் செய்து பொருத்தி, நடுவே உருகிய உலோகத்தை ஊற்றினார்கள். துண்டுகள் சேரும் இடத்தில் தழும்பு விழும். அந்தத் தழும்பை மறைக்க முயலாமல், அதே இடத்தில் துருத்தி நிற்கும் விளிம்புகளை அழகாக எழுப்பிவிட்டார்கள். உடலெங்கும் சதுரச் சுருள் கோடுகள். நடுவே இரு கண்கள் உற்றுப் பார்க்கும் விலங்கு முகம். அந்த முகத்தைச் சீனர்கள் 'தாவ்தியே' என்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வார்த்த வெண்கலம் பச்சை நிறத்தில் இருக்காது, பொன்போல் மின்னும். பச்சை என்பது மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் கிடந்ததால் ஏறிய களிம்பு. ஷாங் வார்ப்பாளர்கள் தங்கள் கலங்களை அந்த நிறத்தில் பார்த்ததே இல்லை. பிற்காலப் பீங்கான் குயவர்கள் பச்சையையும் பழுப்பையும் தேடிப் பிடித்தபோது, வடிவத்தோடு சேர்த்துக் காலம் அதன்மேல் செய்த வேலையையும் நகலெடுத்தார்கள். இந்தக் கலை முழுவதையும் புரிந்துகொள்ள எனக்குக் கைகொடுத்த உண்மை இதுதான்.

சோங் காலத்தில் இவற்றின்மேல் திடீரென ஆர்வம் வந்தது ஏன்?

திடீரென என்று சொல்லிவிட முடியாது. பழங்காலச் சடங்கு ஒழுங்கை மீட்டால் ஆட்சியும் செம்மையாகும் என்ற நம்பிக்கை சோங் காலப் படித்த அதிகாரிகளிடம் வேரூன்றியிருந்தது. நூல்களில் சடங்கின் விவரம் இருந்தது. கலம் எப்படி இருந்தது என்பதில்தான் குழப்பம். வயல்களிலும் கல்லறைகளிலும் வெண்கலங்கள் வெளிப்பட்டபோது அதற்கு விடை கிடைத்தது. 1092இல் லூ தாலின் என்ற அறிஞர் தாம் திரட்டிய கலங்களைப் படம், அளவு, கலத்தில் பொறித்த வாசகம் ஆகியவற்றோடு ஒரு நூலாக்கினார். பேரரசர் ஹுய்சோங் அரண்மனைச் சேகரிப்பிலிருந்த 800க்கும் மேற்பட்ட பொருள்களைப் பட்டியலிடும் பெருநூலைத் தொகுக்கச் செய்தார்.

இந்த நூல்களால் விளைந்த பயன் பெரியது. வெண்கலத்தைக் கண்ணால் பார்க்காத குயவனுக்கும் அதன் கோட்டுருவம் கிடைத்துவிட்டது. அதோடு, தாளில் கோடாகத் தெரிந்ததே மண்ணிலும் வந்தது. மூலத்தின் கனமும் முரட்டுத்தனமும் குறைந்து, விளிம்புக் கோட்டின் தெளிவு கூடியது. சோங் சாடிகளில் நாம் பார்க்கும் அமைதிக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வெண்கலம் கைவசம் இருக்கும்போது களிமண்ணுக்கு ஏன் போனார்கள்?

போர். 1127இல் ஜுர்ச்சென் படைகள் தலைநகர் கைஃபெங்கைச் சூறையாடின. ஹுய்சோங்கும் அவர் மகனும் சிறைப்பட்டு வடக்கே கொண்டு செல்லப்பட்டார்கள். ஹுய்சோங் 1135இல் அங்கேயே இறந்தார். சடங்குக் கலங்களும் பறிபோயின. தெற்கே தப்பிய அரசவை ஹாங்சௌவில் நிலைகொண்டது. வானத்துக்கும் முன்னோருக்கும் படையல் நடத்தாத அரசனை யார் அரசன் என்று ஏற்பார்கள்? கலங்கள் உடனே தேவைப்பட்டன. வார்ப்பதற்கு உலோகமும் வசதியும் இல்லை. மட்கலமும் மரமும் அந்த இடத்தை நிரப்பின.

பிறகு ஹாங்சௌவிலேயே அரசுச் சூளைகள் எழுந்தன. அங்கே உருவானவற்றைக் 'குவான்' கலங்கள் என்கிறோம். அரசுக்குரியவை என்று பொருள். அந்தச் சூளைகளில் ஒன்றான லாவ்ஹுதோங் 1996இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவசரத்துக்குச் செய்த மாற்றுப் பொருளாகத் தொடங்கியது, சீன மட்பாண்டக் கலையின் உச்சங்களில் ஒன்றாக முடிந்தது.

குவான் சாடியில் அப்படி என்ன விசேஷம்?

ஒரு குவான் ஹூ சாடியை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். உடல் மண் இரும்புச் சத்து மிகுந்தது, சுட்டால் கறுத்துவிடும். அந்தக் கறுத்த உடலின்மேல் மெருகை, அதாவது சுட்டதும் கண்ணாடிபோல் இறுகும் பூச்சை, பல முறை பூசியிருக்கிறார்கள். உடலைவிட மெருகு தடிப்பாக இருக்கும் சாடிகளும் உண்டு. நிறம் சாம்பல் கலந்த நீலப்பச்சை. விளிம்பில் மெருகு வழிந்து மெலிந்துபோவதால் உள்ளிருக்கும் கருமண் ஊதா நிழலாகத் தெரியும். மெருகு படாத அடி வளையம் இரும்புபோல் கறுத்து நிற்கும். ஊதா வாய், இரும்புக் கால் என்று சீன ரசிகர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். சூளை ஆறும்போது உடலைவிட மெருகு அதிகம் சுருங்கி, பரப்பெங்கும் வெடிப்புக் கோடுகள் வலைபோல் ஓடும். முதலில் குறையாக நேர்ந்த இதையும் பிறகு விரும்பியே வரவழைத்தார்கள்.

கழுத்தின் இரு புறமும் இரண்டு சிறு குழாய்கள் ஒட்டப்பட்டிருக்கும். கீழே அடி வளையத்தில், அவற்றுக்கு நேர்க்கோட்டில், இரண்டு செவ்வகத் துளைகள். வெண்கல ஹூவில் குழாய் வழியாகக் கயிறு கோத்து, அடித்துளையில் இழுத்துக் கட்டித் தூக்குவார்கள். பீங்கான் சாடியை யாரும் கயிறு கட்டித் தூக்கப்போவதில்லை. ஆனாலும் துளை இருக்கிறது. பயன் போன பிறகும் அந்த உறுப்பை விடாமல் வைத்திருந்த குயவனின் மரியாதை என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

லோங்சுவான் சாடிகளும் இதே வகையா?

வடிவங்களில் ஒற்றுமை உண்டு. தெற்கு செஜியாங்கின் லோங்சுவான் சூளைகள் அரண்மனைக்கும் செய்தன, ஏற்றுமதிக்கும் செய்தன. அவற்றின் தடித்த பச்சை மெருகு, கூ சாடியின் கூரிய விளிம்பில் மெலிந்து வெள்ளைக் கோடாக ஒளிரும். பள்ளத்தில் தேங்கி ஆழ்ந்த பச்சையாகும். அதனால் தனியாக வண்ணம் தீட்டாமலேயே வடிவம் தன்னைத்தானே வரைந்துகொள்கிறது. லோங்சுவானில் புகழ்பெற்ற சதுரக் குழாய்ச் சாடியான 'சோங்' (சோங் வம்சத்தின் பெயரோடு தொடர்பில்லாத வேறு சொல்) மட்டும் வெண்கலத்திலிருந்து வந்ததல்ல. புதிய கற்காலப் பச்சைமணிக் கல்லில் குடைந்த சடங்குப் பொருளின் வடிவம் அது.

மதுக்கலம் எப்போது பூச்சாடி ஆனது?

சோங் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பழைய கூவிலும் ஹூவிலும் ஏதாவது ஒரு செடியைச் செருகினால் ஆகாது. பிளம் கிளையோ தாமரையோ, பருவத்துக்கு ஏற்றதைத் தேர்ந்து வைக்கும் பழக்கம் படித்தவர் வீடுகளில் பரவியது. மிங் காலத்தில் இதற்கென்றே நூல்கள் எழுந்தன. வசந்தத்திலும் குளிர்காலத்திலும் வெண்கலச் சாடி, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பீங்கான் சாடி என்பது அவற்றில் வரும் விதி. காரணம் நடைமுறை சார்ந்தது: குளிரில் உள்ளிருக்கும் நீர் உறைந்தால் பீங்கான் பிளந்துவிடும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெண்கலம் மண்ணின் சாரத்தை உறிஞ்சியிருக்கும், அதில் வைத்த பூ வாடாது என்றும் நம்பினார்கள்.

கோவில் பீடத்திலும் இதே சாடிகளுக்கு இடம் உண்டு. நடுவில் தூபக்கலம், அதன் இரு புறமும் மெழுகுவத்தித் தண்டுகள், ஓரங்களில் கூ வடிவப் பூச்சாடிகள் இரண்டு: இந்த ஐந்தும் ஒரு தொகுதி.

மிங் அரசவை என்ன செய்தது?

மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வு, 1369இல் படையல் கலங்கள் பீங்கானில் செய்யப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். இடைக்கால ஏற்பாடாக இருந்த பீங்கான் அன்று முறையான சடங்குப் பொருளாயிற்று. ஆனால் வடிவத்தில் மிங் அரசவை பழமையை அவ்வளவு கறாராகப் பின்பற்றவில்லை. சடங்குக்கு வழக்கமான தட்டும் கிண்ணமுமே பெரும்பாலும் போதும் என்றிருந்தார்கள்.

தமிழ் நிலத்தோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. இலங்கையின் காலி நகரில் 1911இல் கிடைத்து, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மிங் பேரரசர் யோங்லெயின் சார்பில் கடற்படைத் தலைவர் செங் ஹெ கொண்டுவந்தது. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தேனவரை நாயினார் என்ற தெய்வத்துக்கும், பாரசீக வாசகம் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கைகளை அறிவிக்கின்றன. சீன வாசகத்தின் பட்டியலில் பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு, பழைய பாணிச் செப்புத் தூபக்கலங்களும் பூச்சாடிகளும் பீடங்களோடு வருகின்றன. மெழுகுவத்தித் தண்டுகளும் உண்டு. மேலே சொன்ன பீடத் தொகுதியின் அதே மூன்று உறுப்புகள்! அவை உலோகத்தில் செய்தவை, பீங்கான் அல்ல. ஆனாலும் சீன அரசவை தெய்வத்துக்கு எதைத் தகுந்த காணிக்கை என்று கருதியது என்பதற்குத் தமிழ் எழுத்தும் பொறித்த ஒரு கல்லே சாட்சி சொல்கிறது.

இந்தப் பக்கம் ராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த ஆய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. லோங்சுவான் பச்சை ஓடுகளும் அவற்றில் அடக்கம். அங்கு வந்தவை பெரும்பாலும் உண்கலங்களே. அரண்மனைச் சாடிகளைச் சுட்ட அதே மரபின் பச்சை மெருகு பாண்டிய நாட்டுக் கரையிலும் புழங்கியது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

சிங் காலத்தை ஏன் எல்லாரும் உச்சம் என்கிறார்கள்?

ஆள், பணம், தேர்ச்சி மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்ததால். இடம் ஜியாங்சி மாகாணத்தின் ஜிங்தேசென். ஆள் தாங் யிங் (1682–1756). அரண்மனை அதிகாரியான இவர் 1728இல் பேரரசர் யோங்செங்கின் ஆணையோடு அங்கே போனார். மட்பாண்டத் தொழில் அறியாதவர். குயவர்களோடு சேர்ந்து உண்டு உறங்கித் தொழிலைக் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். 1735இல் தம் சூளைகளில் செய்யப்பட்ட மெருகுகளையும் அலங்கார வகைகளையும் அவர் பட்டியலிட்டபோது, எண்ணிக்கை 50ஐத் தாண்டியது. சோங் காலக் குவான் கலங்களையும், அதே காலத்தின் இன்னொரு அரசவைக் கலவகையான 'ஜூ' கலங்களையும் பார்த்துச் செய்த மெருகுகள் அதில் முன்வரிசையில் நிற்கின்றன.

சிங் பேரரசர்கள் மஞ்சு இனத்தவர். சீனத்தின் தொன்மைக்குத் தாங்களே வாரிசு என்று நிறுவ வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. சியென்லோங் 1749இல் ஹுய்சோங்கின் வழியைப் பின்பற்றி, அரண்மனை வெண்கலங்கள் 1,500க்கு மேற்பட்டவற்றுக்குப் படத்தொகுப்பு உருவாக்க ஆணையிட்டார்.

என் மனம் அதிகம் ஒன்றுவது யோங்செங் காலத்துச் சாடிகளில்தான் (1722–1735). அங்கே வெண்கலத்தின் எலும்புக்கூடு மட்டும் இருக்கும்: கழுத்தைச் சுற்றி எழும்பிய இரண்டு வரைகள், தோளின் திருப்பம், கைப்பிடியின் நிழல். மற்ற எல்லாவற்றையும் மெருகிடம் விட்டுவிடுவார்கள்.

சதுர வடிவச் சாடி செய்வது அவ்வளவு கடினமா?

மிகக் கடினம். உருண்டைச் சாடி சக்கரத்தில் எழும். மண்ணின் இழுவை எல்லாத் திசையிலும் சமமாக இருக்கும். சதுர ஹூ சக்கரத்தில் வராது. பிசைந்த மண்ணைத் துணியில் சுற்றித் தட்டி, பலகைபோல் தட்டையாக்கி, கத்தியால் துண்டாக அறுத்து, அதே மண்ணின் குழம்பால் விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டும். 1743இல் தாங் யிங் பேரரசருக்காக எழுதிய 20 பட விளக்கங்களில் இந்த முறையையும் விவரிக்கிறார். உலரும்போது தட்டைப் பக்கம் உள்வாங்கும். சுமார் 1,300 பாகையில் பீங்கான் இளகும்போது மூலை இழுக்கும், ஒட்டு விட்டுப்போகும். நான்கு பக்கமும் நேராக நின்று சூளையைவிட்டு வெளியே வந்த ஒரு சதுர ஹூவுக்குப் பின்னால் உடைந்து கழிந்தவை பல இருக்கும்.

வெண்கலத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. உலோகம் அச்சுக்குள் உறைந்துவிடும். அதன்பின் நெருப்பைப் பார்க்காது. பீங்கானோ உருவம் பெற்ற பிறகுதான் நெருப்புக்குள் போகிறது.

'தேயிலைத்தூள்' மெருகு என்பது என்ன?

இரும்புச் சத்து மிகுந்த மெருகு. அதிக வெப்பத்தில் உருகி, மெல்ல ஆறும்போது அதற்குள் நுண்ணிய மஞ்சள்பச்சைப் படிகங்கள் விளையும். பழுப்புப் பச்சைப் பின்னணியில் பொடி தூவியதுபோல் தெரிவதால் இந்தப் பெயர். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரே நிறமாக இருக்காது: விளிம்பில் பழுப்பு, தோளில் ஆலிவ் பச்சை, இடையிடையே மஞ்சள் புள்ளி. தொட்டால் வழுக்கும் பளபளப்பு குறைவு; வெளிச்சத்தைச் சற்று விழுங்கிக்கொள்ளும். மண்ணுக்குள்ளிருந்து எடுத்து, பல தலைமுறைகள் கையால் துடைத்துவந்த வெண்கலத்தின் மேனி இதுதான். தாவ்தியே முகமோ சுருளோ எதையும் செதுக்காமல், நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டுமே தொன்மையைச் சொல்லும் இந்த வகை எனக்குப் பெரிதும் பிடித்தமானது.

அசல் வெண்கலம் என்றே நம்ப வைக்கும் சாடிகளும் உண்டாமே?

சியென்லோங் காலத்தில் (1735–1796) செய்தார்கள். பழுப்பு மெருகின்மேல் களிம்புப் பச்சையைத் திட்டுத் திட்டாகப் பூசி, வெள்ளியும் பொன்னும் இழைத்த பழைய வேலைப்பாட்டைப் பொன் வண்ணத்தால் தீட்டினார்கள். சில அடி தள்ளி நின்றால் உலோகம் என்றே சத்தியம் செய்யத் தோன்றும். மரம், அரக்கு, கல் ஆகியவற்றின் தோற்றத்தையும் பீங்கானில் இப்படிக் கொண்டுவந்தார்கள்.

திறமையை வியக்கிறேன். ஆனால் குவான் சாடி தரும் நிறைவை இவை எனக்குத் தருவதில்லை. குவான் குயவன் வெண்கலத்தின் வடிவத்தை வாங்கிக்கொண்டு, மண்ணுக்கே உரிய மேனியைக் கொடுத்தான். இங்கே மண் தன் முகத்தை முழுதாக மறைத்துக்கொள்கிறது.

மான் தலைக் கைப்பிடிகளோடு, உடலெங்கும் மலையும் மரமும் மான் கூட்டமும் வண்ணத்தில் நிறைந்த பெரிய சாடிகளும் சியென்லோங் காலத்தவைதான். அகன்ற வயிறுடைய அந்த வடிவம் ஹான் வம்சக் கால (கி.மு. 206–கி.பி. 220) வெண்கல ஹூவின் வழித்தோன்றல். ஓவியத்தின் நெரிசலில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவை அழகுக்காக மட்டும்தானா, சடங்கிலும் பயன்பட்டனவா?

இரண்டும். 1748இல் சியென்லோங் அரசுப் படையல் கலங்களைத் திருத்தி அமைத்தார். மிங் காலத்திலிருந்து வந்த தட்டும் கிண்ணமும் நீங்கி, பழைய வெண்கல வடிவங்களிலான மூடிக் கலங்கள் பீடத்துக்குத் திரும்பின. பல கலங்கள் ஒற்றை நிறப் பீங்கானில் செய்யப்பட்டன. வானத்தின் கோவிலுக்கு நீலம், நிலத்துக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, சந்திரனுக்கு நிலவொளி போன்ற வெளிர்நீலம். கலத்தின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பீடத்துக்கு உரியது என்று சொல்லிவிடலாம். 1127இல் இல்லாமையால் பீங்கானுக்கு வந்த சடங்கு, பொருள் குவிந்து கிடந்த 1748இலும் பீங்கானையே தேர்ந்தெடுத்தது.

நகல் என்றால் போலி என்றுதானே பொருள்?

இந்த மரபில் இல்லை. அரண்மனைச் சாடிகள் பலவற்றின் அடியில் 'மகா சிங் சியென்லோங் ஆட்சியில் செய்தது' என்ற ஆறெழுத்து முத்திரை வெளிப்படையாக இருக்கும். ஏமாற்ற நினைப்பவர் தம் காலத்தைப் பொறித்துவைக்க மாட்டார். முன்னோரின் வடிவத்தை எடுத்தாள்வது அங்கே கற்றதற்கும் பணிவுக்கும் அடையாளம்.

சந்தையில் திரியும் போலிகள் வேறு. அந்த ஆறெழுத்து முத்திரையைப் பிற்காலத்தவர் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள், இன்றும் போடுகிறார்கள். முத்திரையை மட்டும் நம்பி எவரும் பணம் கொடுக்க வேண்டாம். பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற ஆவணம், அடி வளையத்தின் மண், எடை, மெருகின் தன்மை ஆகியவற்றைத் தேர்ந்தவர் பார்க்க வேண்டும்.

எங்கே பார்க்கலாம்?

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்திலும் பேரரசர்களின் சேகரிப்பே இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பெர்சிவல் டேவிட் தொகுப்பு, சுமார் 1,700 உருப்படிகள், ஒரே கூடத்தில். ஹாங்சௌவில் பழைய சூளை இருந்த இடத்திலேயே குவான் கலங்களுக்கான அருங்காட்சியகம் உண்டு. ஷாங்ஹாய் அருங்காட்சியகத்தில் வெண்கலமும் பீங்கானும் இரண்டுமே சிறப்பானவை.

எங்கே போனாலும் வெண்கலக் கூடத்தை முதலில் பாருங்கள். ஒரு கூவின் முன்னும் ஒரு ஹூவின் முன்னும் நின்று, இடை எங்கே ஒடுங்குகிறது, தோள் எங்கே திரும்புகிறது, கயிற்றுக் குழாய் எங்கே இருக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பீங்கான் கூடத்துக்குப் போங்கள். கண்ணாடிப் பேழைக்கு முன் சற்றே குனிந்து அடி வளையத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். துளைகள் அங்கேதான் இருக்கும்.